பரிகாரம் யாருக்குச் செய்வது?

திருமுருகன்பூண்டியின் தலக்கதை திருப்பூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. சூரபத்மனைக் கொன்றதால் முருகனைப் பிரம்மஹத்தி தோஷம் பற்றிக்கொண்டது. அதைத் தீர்த்துக்கொள்ள அவர் இங்கே வந்து லிங்கம் வைத்துச் சிவனைப் பூசித்தார். அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு கடந்துவிடுகிற கோயில்தான் அது. ஆனால் அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். கொல்லப்பட்டவன் தேவர்களைச் சிறையில் போட்டு வதைத்தவன். கொன்றவர் கடவுள். போர் நியாயமான போர். அப்படியிருந்தும் தோஷம் வந்தது. "நல்ல காரியத்துக்காகத்தானே செய்தார், கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று யாரும் சொல்லவில்லை. "கொன்றது வேல்தான், முருகன் இல்லை" என்றும் சொல்லவில்லை.

பாவத்தைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் இதைவிடக் கண்டிப்பான பேச்சு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதே மாவட்டத்தில்தான் ஒரு நதியே கெட்டது, கெடுத்தது யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை.

எங்கள் பகுதியில் ஞாயிறு காலையில் சைவ சித்தாந்த வகுப்பு நடக்கிறது. சிவஞானபோதம் இரண்டாம் சூத்திரத்தில் இருவினை பற்றிய பாடம் வந்தபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். பனியன் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார்.

"ஏனுங்க ஐயா, நொய்யல் தண்ணி பட்டுத் தோட்டம் போன குடியானவங்க, அதை அனுபவிக்கோணும்னு முன்வினை இருந்துதுங்களா? இருந்துதுன்னா, சாயத்தண்ணி உட்டவன் வெறும் கருவிதானுங்களே? அவனுக்கு எப்படிங்க பாவம் சேரும்? இல்லைன்னா, வினை இல்லாமயே ஒருத்தனுக்குத் துன்பம் வருங்களா?"

வகுப்பே அவரைத் திரும்பிப் பார்த்தது. வினைக் கொள்கையின் அடிமடியில் கை வைக்கிற கேள்வி இது. வகுப்பு எடுக்கும் ஐயா தட்டிக்கழிக்காமல் பதில் சொன்னார். சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது: குவிந்து கிடக்கும் பழவினை சஞ்சிதம், அதிலிருந்து இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம், அனுபவிக்கும்போதே புதிதாகச் செய்து சேர்த்துக்கொள்வது ஆகாமியம். தோட்டக்காரருக்கு வந்தது பிராரத்தம், வால்வைத் திறந்தவன் சேர்த்துக்கொண்டது ஆகாமியம், ஒருவனுடைய பழைய கணக்கைத் தீர்க்கும் வேலையை இறைவன் நம்மிடம் ஒப்படைக்கவில்லை என்றார்.

நல்ல பதில்தான். செய்தவன் தப்பிக்க அதில் இடமில்லை. ஆனாலும் எனக்கு நெஞ்சு ஆறவில்லை. ஏனென்றால் அந்தத் தோட்டக்காரர் எனக்கு வெறும் உதாரணம் அல்ல, என் அம்மாவோடு பிறந்த மாமா. வால்வைத் திறந்தவரும் வேறு யாரோ அல்ல, அப்பாவோடு பிறந்த சித்தப்பா.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்கிற ஊரிலேயே காவிரியில் கலக்கிறது. பேரூரில் பட்டீசுவரரைக் கும்பிட்டுவிட்டு இதே ஆற்றின் படித்துறையில்தான் ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கிறோம். அதற்குக் கீழே, திருப்பூரைத் தாண்டி, சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் ஒரு அணை திறந்தார்கள். கரூர் மாவட்டம் வரைக்கும் 10 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாய வேண்டிய அணை. திருப்பூரில் ஏற்றுமதி ஏற ஏறச் சாயப்பட்டறைகளும் பெருகின. சில வருஷங்களிலேயே அணை கழிவுநீர்த் தொட்டியாகிவிட்டது. தண்ணீர் கேட்டுப் போராட வேண்டிய விவசாயிகள், "தயவு செய்து தண்ணீர் விடாதீர்கள்" என்று மனுக் கொடுத்தார்கள். உலகத்தில் எந்த அணைக்குக் கீழே இப்படி ஒரு மனு போயிருக்கும்?

மாமா தோட்டத்தில் வாய்க்கால் கரை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது நினைவிருக்கிறது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். தென்னையில் குரும்பை நிற்காமல் உதிரும். கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. மாடு தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் தலையை உதறும். அத்தை குடிதண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்காக ரோட்டில் நிற்பார். மாமா ஒருநாளும் திருப்பூர்க்காரர்களைத் திட்டி நான் கேட்டதில்லை. "போன பொறப்புல என்ன பாவம் பண்ணுனமோ அம்மணி, இப்ப கட்டிட்டு இருக்கறோம்" என்பார். அந்தப் பேச்சைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. பாதிக்கப்பட்டவர் தானே தன்மேல் குற்றம் எழுதிக்கொண்டார். செய்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சௌகரியம்!

திருச்செங்கோடு எங்களிடமிருந்து ரொம்ப தூரமில்லை. தேவாரத்தில் அது கொடிமாடச் செங்குன்றூர். கொங்கு நாட்டுக்கு வந்த திருஞானசம்பந்தரின் அடியார்களுக்கு அங்கே குளிர்சுரம் கண்டது. இந்த நாட்டுக் குளிர்காலத்தில் இந்தக் காய்ச்சல் வருவது இயல்பு என்று சம்பந்தரிடம் சொல்லப்பட்டதாகச் சேக்கிழார் எழுதுகிறார். அவர் அதை ஏற்கவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடினார், சுரம் போயிற்று. அந்தப் பதிகம் தொடங்குவதே இந்த வாதத்தோடுதான்: முன்பு செய்த வினைக்கு இந்தத் துன்பம் என்று சொல்லத் தெரிந்தவர்களே, அதிலிருந்து மீளும் வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்கிற பொருளில் கேட்கிறார். வினை இல்லை என்று அவர் சொல்லவில்லை. வினையைச் சொல்லிக் கையைக் கட்டிக்கொள்ளாதே என்கிறார். அதுவும் விஷத்தைத் தன் தொண்டையில் நிறுத்திக்கொண்டவனின் பெயரைச் சொல்லி. நம் ஊரில் விஷத்தை ஆக்கியவர்கள் மேலே இருந்தார்கள், விழுங்கியவர்கள் கீழே இருந்தார்கள்.

அவிநாசியிலும் அப்படித்தான். முதலை விழுங்கிய பிள்ளையின் வீட்டு வாசலில் அழுகுரல் கேட்டு நின்ற சுந்தரர், அந்தப் பிள்ளை போன பிறவியில் என்ன செய்தான் என்று விசாரிக்கவில்லை. நேரே குளக்கரைக்குப் போனார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். வினைக்கணக்கு என்று ஒன்று இருந்தால், அதில் என் பக்கத்தை மட்டும்தான் நான் படிக்கலாம். அடுத்தவர் பக்கத்தைப் புரட்டி "இது உனக்கு வரவேண்டியதுதான்" என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அப்படிச் சொல்வதே புதிதாக ஒரு வினை. இதைச் சித்தாந்த வகுப்புகளில் முதல் பாடமாக வைக்க வேண்டும் என்பேன். வைக்காமல் விட்டதால்தான் ஈரோட்டிலிருந்து ஒருவர் கிளம்பி வந்து கேட்டார். 1922-இல் திருப்பூரில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் மாநாட்டில் கோயில் நுழைவுத் தீர்மானத்துக்கு எதிர்ப்பு கிளம்பியபோது, பெரியார் கொதித்தது வெறும் சாமி மறுப்பால் அல்ல. கீழே கிடப்பவனிடம் "நீ கிடப்பது உன் தலைவிதி" என்று சொல்லிச் சொல்லியே அவனைக் கீழே வைத்திருக்கும் தந்திரத்தை அவர் பார்த்துவிட்டார். நான் திருநீறு பூசுகிறவள். அவருடைய முடிவு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் வைத்த குற்றச்சாட்டுக்குச் சைவர்களாகிய நாம் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சித்தப்பாவிடம் வருகிறேன்.

அவர் கெட்டவர் அல்ல. சொந்தபந்தத்தில் யாருக்கு ஆஸ்பத்திரி செலவென்றாலும் முதல் ஆளாகப் பணம் எடுத்துக்கொண்டு நிற்பவர். தை மாதம் பழனிக்கு நடந்து போவார். கோயில் கும்பாபிஷேகம் என்றால் ரசீது புத்தகம் நேரே அவரிடம்தான் வரும். 90-களில் அவர் ஒரு சின்னச் சாயப்பட்டறை நடத்தினார், விஞ்ச் மெஷின் போட்டு. அப்புறம் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் வந்தது. ராத்திரி மழை பிடித்தால் பட்டறைகளில் தொட்டியைத் திறந்துவிடுவார்கள், ஆற்றில் வெள்ளத்தோடு வெள்ளமாகப் போய்விடும் என்று. மாமாவும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், விதைப்புக்கு. சித்தப்பாவும் அதே வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே மேகம் ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு என்னவாக இருந்தது என்று நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

ஒரு தீபாவளிக்கு நான் நேரடியாகவே கேட்டேன். "ஏனுங் சித்தப்பா, அந்தத் தண்ணி எங்க போய்ச் சேருதுன்னு தெரிஞ்சுதானுங்களே உடறீங்க?"

"தெரியாம என்ன அம்மணி. ஆனா நான் என்ன பண்ணட்டும்? துணி என்றதா? பனியன் கம்பெனிக்காரன்து. கலரு நான் கேட்டனா? பையர் அனுப்புன ஷேடு. நான் கிலோவுக்கு இத்தனைன்னு கூலிக்குச் சாயம் போடறவன். ரெண்டு ரூவா சேத்திக் கேட்டா அடுத்த பட்டறைக்கு லாட்டைத் தூக்கிட்டுப் போயிருவான். பாவம்னா அது என்ற ஒருத்தன் தலையிலயா விடியோணும்?"

திருப்பூரின் தொழில் அமைப்பு தெரிந்தவர்களுக்கு அவர் சொல்வது புரியும். இங்கே ஒரு டி-ஷர்ட் ஒரு கூரையின் கீழ் உருவாவது அபூர்வம். நூல் ஓரிடத்தில் வாங்கி, நிட்டிங்குக்கு ஓரிடம், சாயத்துக்கு ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், கட்டிங் முடித்துப் பிரிண்டிங், எம்ப்ராய்டரி ஓரிடம், பிறகு தைத்து, செக்கிங், அயர்ன், பேக்கிங். ஒவ்வொரு வாசலிலும் ஒரு டெலிவரி சலான். துணி கை மாறும்போது பொறுப்பும் கூடவே மாறிவிடும். நான் ஒரு கம்பெனியில் பில் பாஸ் செய்யும் வேலையில் இருப்பதால் அந்தச் சலான்களை நாள் முழுக்கப் பார்க்கிறேன். அவற்றில் எடை இருக்கும், ஷேடு நம்பர் இருக்கும், ரோல் கணக்கு இருக்கும். எத்தனை லிட்டர் தண்ணீர் போயிற்று என்பதற்குக் கட்டம் கிடையாது. ஜாப் ஒர்க் என்பது வேலையைப் பங்கு போடுவதற்கு வந்த ஏற்பாடு. பாவத்தைப் பங்கு போட்டு, ஒவ்வொருவர் பங்கும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகிவிட்டது என்று எல்லாரையும் நம்ப வைத்ததும் அதேதான்.

எங்கள் செக்கிங் செக்ஷனில் ஒரு அக்கா இருக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றி நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம். அவர்கள் சொல்வது: "உங்க சித்தப்பா நல்லவருதான் புள்ள. நல்லவரு தப்புப் பண்ணுறாருன்னு ஏன் ஆச்சரியப்படுற? மனுசன் பொறக்கறப்பவே பாவத்துலதான் பொறக்குறான். தன்னால நல்லவனா இருக்க முடியும்னு நெனைக்கறதுதான் மொத தப்பு."

இது பழைய சண்டை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலாஜியஸ் என்ற துறவி, மனிதன் நினைத்தால் பாவம் செய்யாமல் வாழ முடியும், முடியாததைக் கடவுள் கட்டளையிட மாட்டார் என்றார். வட ஆப்பிரிக்காவின் ஆயர் அகஸ்டின், முடியாது, ஆதாமிடமிருந்து வந்த பழுது எல்லாரிடமும் இருக்கிறது, அருள் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது என்றார். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அகஸ்டின் பக்கம் நின்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் இந்த வாதத்தைத் தமிழில் வைத்தபோது, பைபிளின் தமிழ் மொழிபெயர்ப்பில் பீட்டர் பெர்சிவலுக்குத் துணை நின்ற ஆறுமுக நாவலரே 1854-இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதி எதிர்த்து நின்றார்.

ஆனால் சண்டையின் சூட்டில் நாம் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. பிறவியிலேயே ஒரு பழுது என்பதைச் சைவமும் மறுக்கவில்லை. ஆணவ மலம் என்பது அதுதான். செம்பில் களிம்பு போல, உயிரோடு அநாதியாகவே ஒட்டிக்கிடப்பது. இடையில் யாரோ செய்த தப்பால் வந்ததல்ல. வித்தியாசம் எங்கே என்றால், அது எந்த மூதாதையிடமிருந்தும் வந்த சொத்து அல்ல. ஒவ்வொரு உயிரும் தன்னுடையதைத் தானே சுமக்கிறது. களிம்பு செம்பு அல்ல, செம்பாக மாறவும் மாறாது. ஆணவத்தின் வேலை அறிவை மறைப்பது. சித்தப்பாவுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியும், தெரிந்தும் தெரியவில்லை. அந்த நிலைக்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

அக்காவின் பேச்சில் ஒரு பெரிய நடைமுறை உண்மை இருப்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன். மனுசன் நல்லவன், சொன்னால் கேட்பான் என்று நம்பி இருபது வருஷம் இந்த ஊர் வீணாக்கியது. பழுது எல்லாரிடமும் உண்டு என்று ஒப்புக்கொண்டால்தான் வால்வுக்குப் பக்கத்தில் மீட்டர் வைக்கத் தோன்றும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சாயத்தொழிலின் உள்ளே இருக்கிற ஒரு விஷயம். காட்டன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பு வேண்டும். கறுப்பு, நேவி ப்ளூ மாதிரி அடர் நிறம் என்றால் கிலோ துணிக்கு அரைக் கிலோவை நெருங்கும் அளவுக்குப் போடுவார்கள். அந்த உப்பு சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிடும், தான் துணியில் நிற்காது. போட்டது அத்தனையும் அலசும் தண்ணீரில் வெளியே வந்துவிடும். முதலில் வந்த சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு நிறத்தைப் படிய வைத்தன. ஆற்றில் சிவப்பும் நீலமும் குறைந்ததும் ஊரே பெருமூச்சு விட்டது. உப்போ கரைந்தபடியே அணைக்குப் போய்க்கொண்டிருந்தது. மாமாவின் மண்ணைக் கொன்றது பார்ப்பவர் பதறிய அந்த நிறத்தைவிட, யார் கண்ணிலும் படாத அந்த உப்புதான்.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத நிலையை அடைய வேண்டும், அதுவரைக்கும் விடுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் கட்ட வேண்டும் என்றது. முதலில் லிட்டருக்கு 6 பைசா, பிறகு 8, பிறகு 10. தொகையைப் பார்த்தால் சின்னதுதான். ஆனால் எனக்கு அந்த 6 பைசா மேல் பெரிய மரியாதை உண்டு. "என் ஒருத்தன் தலையிலயா" என்று கேட்ட சித்தப்பாவுக்கு, "இல்லை, உங்கள் பங்கு இத்தனை லிட்டர்" என்று ஒரு இடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. சாமிக்கு முன்னால் நிற்கும்போது வராத கணக்கு அங்கே வந்தது. சாயப்பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் அதே பதில்: மாசு செய்தவர்தான் ஈடு செய்ய வேண்டும்.

அதற்குப் பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ஆம் தேதி, அத்தனை சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த மாதங்களை இந்த ஊர் மறக்காது. கூலிக்காரர்கள் மூட்டையோடு ஸ்டேஷனில் கிடந்தார்கள். வால்வைத் திறக்காத தையல்காரரும் கைமடிப்புப் பெண்களும் வேலை இழந்தார்கள். ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் அனுபவிப்பது என்பதை வினைக் கொள்கை எப்படி விளக்குமோ, ஆனால் ஆற்றங்கரையிலும் தொழிலிலும் அது கண்ணெதிரில் நடந்தது. சில பட்டறைகள் வேறு ஊர் ஆற்றங்கரைக்குப் போய் ரகசியமாகத் திறந்தன என்பதையும் இங்கே மறைக்கக்கூடாது.

அந்தக் காலத்தில் பூசைகள் நிறைய நடந்தன. சாயத்தொழில் மீள வேண்டும் என்று யாகம், நேர்த்திக்கடன், அன்னதானம். நான் அதில் குறை சொல்லவில்லை, பயந்த மனிதன் சாமியிடம்தான் போவான். ஆனால் அணைக்குக் கீழே போய் "எங்களால்தான் உங்களுக்கு இந்த நிலை" என்று யாராவது சொன்னார்களா? மாமா வீட்டு வாசலுக்கு யாரும் வரவில்லை. சித்தப்பாவும் போகவில்லை, அண்ணி வீட்டு உறவு என்கிற உரிமை இருந்தும்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனுநீதிச் சோழன் கதை வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. தேர்ச்சக்கரத்தில் கன்று செத்ததும் அமைச்சர்கள் என்ன சொன்னார்கள் என்று பெரியபுராணத்தில் பாருங்கள். பசுவைக் கொன்றதற்கு மறையோர் விதித்த பிராயச்சித்தம் இருக்கிறது, இளவரசர் அதைச் செய்துவிட்டால் போதும் என்கிறார்கள். சட்டப்படி சரியான யோசனை. சோழன் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: அதைச் செய்தால் கன்றை இழந்து நிற்கிற அந்தத் தாய்ப்பசுவின் நோவு தீருமா? மகனைத் தேர்க்காலில் இட்டதைத்தான் நாம் சிலையாக வைத்திருக்கிறோம். எனக்கு அந்தத் தண்டனையைவிட அவன் கேட்ட கேள்விதான் முக்கியம். பரிகாரத்தை அவன் வேதியரிடம் கேட்கவில்லை, மணியடித்த பசுவின் பக்கம் திரும்பிக் கேட்டான்.

திருமுருகன்பூண்டிக்கே இரண்டாவதாக ஒரு கதை உண்டு. சேரமான் கொடுத்த பொருளோடு வந்த சுந்தரரைச் சிவனின் பூதகணங்கள் வேடர் வேஷத்தில் வந்து வழிப்பறி செய்தன. சுந்தரர் கோயிலுக்குள் போய், இப்படிப்பட்ட இடத்தில் நீ எதற்கு இருக்கிறாய் என்று சிவனிடமே சண்டை போட்டுப் பாடினார். பறித்த பொருள் முழுவதும் கோயில் வாசலில் திரும்பி வந்து குவிந்தது. அது அவனுடைய திருவிளையாடல்தான்; இருந்தாலும் பறித்தது பறிகொடுத்தவரிடமே திரும்பியது, உண்டியலில் போய் விழவில்லை.

காதர்பேட்டையில் செகண்ட்ஸ் துணி வியாபாரம் செய்யும் பாய் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, எங்களிடமும் அப்படித்தான் என்றார். தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் மறுமை நாளில் வருகிற ஒருவன், மற்றவர் பொருளைத் தின்றதற்கும் மற்றவரை அடித்ததற்கும் ஈடாகத் தன் நன்மைகளை எல்லாம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஓட்டாண்டியாக நிற்பான் என்று நபிமொழி இருக்கிறது. மனிதருக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதர் மன்னிக்க வேண்டும். அல்லாஹ்விடம் மட்டும் கேட்டு முடித்துக்கொள்ள முடியாது. செக்கிங் அக்காவிடம் சொன்னேன். அவர்கள் உடனே சகேயு கதையை எடுத்தார்கள்: இயேசு வீட்டுக்கு வந்ததும் அந்த வரி வசூல்காரன் அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான், அதற்குப் பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னார்.

மனிதன் பிறப்பிலேயே எப்படிப்பட்டவன் என்பதில் நாங்கள் மூன்று பேரும் கடைசிவரை ஒத்துப்போக மாட்டோம். கெடுத்ததை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

நீதிமன்ற வழியாக இழப்பீடும் வந்தது. இழப்பீட்டு ஆணையம் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் கணக்கிட்டது. வகுத்துப் பாருங்கள், சராசரியாக ஆளுக்கு 9 ஆயிரம் ரூபாய்கூட வராது. செத்த மண்ணுக்கு அது காணாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பணம் வந்த பிறகு மாமா பேச்சில் ஒரு மாற்றம் வந்ததை நான் கவனித்தேன். போன பிறவிப் பேச்சு நின்றுவிட்டது. "திருப்பூர்க்காரன் பண்ணுனதுக்குக் குடுத்திருக்கறான், பத்தாது" என்று சொல்ல ஆரம்பித்தார். பத்தாது என்று அவர் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தன்மேல் எழுதிக்கொண்டிருந்த குற்றத்தை அடித்துவிட்டார்.

இன்றைக்குத் திருப்பூரில் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன, சொந்தமாக வைத்திருப்பவர்கள் வேறு. ஆர்ஓ-வில் தண்ணீரைப் பிரித்து, மிச்ச உப்பு நீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் மறுபடி சாயத்துக்கே திருப்புகிறார்கள். அரசும் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சிரமப்பட்டுச் சாதித்த காரியம் இது, வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், நானும் பெருமைப்படுகிறேன். மழை பெய்தால் எங்காவது நுரையும் நிறமும் ஆற்றில் வருகிறது என்ற செய்தியும் கூடவே வருகிறது. திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. ஆகாமியம் என்று வகுப்பில் படிப்பதை நேரில் பார்க்க வேண்டுமானால் அந்தக் கொட்டகையைத்தான் காட்டுவேன். இன்று நாம் சேர்த்தது, யாரோ அனுபவிக்கப்போவது.

சித்தப்பா இப்போது ஒரு பொது நிலையத்தில் உறுப்பினர். அவருடைய பட்டறையிலிருந்து போகிற ஒவ்வொரு லிட்டரும் மீட்டரில் ஓடுகிறது, மாதம் பிறந்தால் பில் வருகிறது. "தண்ணியை ஆத்துல உட்ட காலத்துல சம்பாதிச்சதை எல்லாம் இப்ப தண்ணிக்கே கட்டிட்டு இருக்கறேன் அம்மணி" என்பார். அதில் வருத்தமும் உண்டு, ஒரு நிம்மதியும் உண்டு. அவருக்கு இருக்கும் குறை வேறு. சுத்திகரிப்புச் செலவை அவர் கட்டுகிறார், பனியன் கம்பெனி கொஞ்சம் கட்டுகிறது. கலரைத் தேர்ந்தெடுத்த பையர் விலையை ஏற்றுவதே இல்லை. சீசனுக்குச் சீசன் குறைக்கத்தான் கேட்கிறார். சங்கிலியின் அந்த நுனிக்கு இன்னும் மீட்டர் வைக்கப்படவில்லை என்பதில் சித்தப்பா சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம்.

போன முறை பார்த்தபோது அவரிடம் சொன்னேன். "சாயக்கூலியையும் தண்ணிச் செலவையும் ஒண்ணாப் போட்டு ரேட் எழுதறதாலதானுங் யாருக்கும் தெரியறதில்லை. பில்லுல சுத்திகரிப்புன்னு தனி வரியாப் போடுங்க. கிலோவுக்கு இத்தனைன்னு. அது கம்பெனிக்குப் போகட்டும், கம்பெனிக்காரங்க காஸ்டிங் ஷீட்டுல ஏறட்டும், பையர் கண்ணுல படட்டும்."

"தனியா எழுதுனா அதையத்தான் மொதல்ல வெட்டுவாங்க அம்மணி."

"வெட்டட்டுங். எதை வெட்டறோம்னு தெரிஞ்சு வெட்டட்டும்."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அந்த மாதமே ஒரு கம்பெனிக்கு அப்படித் தனி வரி போட்டு பில் அனுப்பியிருக்கிறார். ரேட்டோடு சேர்த்து எழுதித் தரும்படி அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா அதே பில்லை, அதே தனி வரியோடு, மறுபடி கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்.